ஆசிரியர் கையில் இருக்கும் 25 மதிப்பெண்

அறக்கட்டளைச் சொற்பொழிவு



மாற்றுத்திறனாளிகளின் உயர்கல்வி பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் வழக்கமாக அரசை நோக்கித்தான் பேசுவார்கள். உதவித்தொகை போதவில்லை, சாய்தளம் இல்லை, மின்தூக்கி ஓடவில்லை, பின்னடைவுப் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை என்பார்கள். அத்தனையும் உண்மை. அவற்றுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளோடு நானும் நிற்கிறவன். ஆனால் இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். நானும் நெடுங்காலம் பொருளியல் நடத்தியவன். ஆகவே நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். பாடம் நடத்துவது, வினாத்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, வருகைப்பதிவு போடுவது ஆகியவை நம் வேலைகள். மாற்றுத்திறன் கொண்ட ஒரு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போவாரா, பாதியில் நின்றுவிடுவாரா என்பது பெரும்பாலும் இந்த வேலைகளுக்குள்ளேதான் முடிவாகிறது. இது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் தருகிறது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் உரிய மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று, சட்டத்தின் தொடக்கத்தில் வரும் விளக்கங்களில் இருக்கிறது. ஒருவருக்குத் தேவையான தக்க மாற்று ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்கிறது அது. திட்டினால்தான், விரட்டினால்தான் பாகுபாடு என்பதில்லை. செய்து தர முடிந்ததைச் செய்யாமல் இருந்தாலே போதும்.

இத்தனை சட்டம் இருந்தும் நிலைமை என்ன? 2020-21ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் மாணவர் எண்ணிக்கை 4 கோடியே 13 லட்சத்துக்கு மேல். அதில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 79,000 பேர். ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு 92,000க்கு மேல் இருந்தார்கள். சேர்ந்தவர்களே இவ்வளவுதான் என்னும்போது, சேர்ந்தவரில் ஒருவரைக்கூட நம் வகுப்பறையில் இழப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இனி என் தலைப்புக்கு வருகிறேன். நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு, 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு. அந்த 75க்கு விதிமுறை உண்டு, சுற்றறிக்கை உண்டு, தேர்வு நெறியாளர் அலுவலகம் உண்டு. சான்றிதழைக் காட்டினால் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைத்துவிடும். இந்த 25க்கு அப்படி யாரும் இல்லை. வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கு, வருகைப்பதிவு எல்லாம் நம் கையில். மூன்று மணி நேரப் பருவத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறும் அதே மாணவர், ஒரு மணி நேர வகுப்புத் தேர்வில் மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அடுத்த பாடவேளை ஆசிரியர் வாசலில் நிற்கிறார் அல்லவா? ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய் நேரம் என்று மத்திய சமூகநீதி அமைச்சகம் 2013இலும் 2018இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சொல்லியிருக்கின்றன. வகுப்புத் தேர்வு என்றால் அந்தத் தேவை மறைந்துவிடுமா? மதிய உணவு இடைவேளைக்கு முந்தைய பாடவேளையில் தேர்வை வைத்தால் 20 நிமிடம் தானாகக் கிடைக்கும். அவரைத் துறை அறையில் உட்காரவைத்து முன்னதாகவே தொடங்கச் செய்யலாம். இதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. துறைத்தலைவரும் பாட ஆசிரியரும் பேசிக்கொண்டால் போதும்.

வகுப்பில் நாம் பேசும் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொருளியலில் முதல் பருவத்திலேயே தேவைக்கோடு வந்துவிடும். கரும்பலகையில் கோட்டை இழுத்துவிட்டு, “இதோ பாருங்க, விலை இங்கேயிருந்து இங்கே இறங்குச்சுன்னா, அளவு இங்கேயிருந்து இங்கே வந்துரும்” என்போம். பார்வையுள்ளவருக்கு அது பாடம். பார்வையற்றவர் காதில் விழுந்தவை நான்கு ‘இங்கே’. அதையே இப்படிச் சொல்லலாம்: “கிடை அச்சில் அளவு, செங்குத்து அச்சில் விலை. கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது. விலை கிலோ 10 ரூபாயாக இருந்தபோது 40 கிலோ விற்றது. 8 ரூபாய் ஆனதும் 60 கிலோ.” கூடுதலாக ஆவது அரை நிமிடம்.

சில கோடுகளைச் சொல்லால் மட்டும் காட்ட முடியாது, கையில் கொடுக்க வேண்டும். தடித்த அட்டையில் ஈர்க்குச்சிகளை அச்சுகளாக ஒட்டி, தேவைக்கோட்டுக்குச் சணல் நூலும் அளிப்புக்கோட்டுக்குக் கம்பளி நூலும் வைத்து, இரண்டும் வெட்டும் சமநிலைப் புள்ளியில் ஒரு பாசிமணி ஒட்டினால் போதும். ஃபெவிகால் காய ஒரு ராத்திரி. என் வகுப்பில் மாணவர்களே செய்து தந்தார்கள். தேவையில் ஏற்படும் மாற்றம், தேவைக்கோட்டின் மீதே நடக்கும் நகர்வு என இரண்டு கருத்துகள் உண்டு. விலை மாறினால் கோட்டின் மீதே நகர்கிறோம். வருமானமோ ரசனையோ மாறினால் கோடே இடம் மாறுகிறது. பார்வையுள்ள மாணவர்கள் பட்டம் முடிக்கும் வரை குழப்பிக்கொள்ளும் இடம் இது. அந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்த மாணவர் கேட்டார்: “சார், இப்போ விரலை நகர்த்தணுமா, நூலை நகர்த்தணுமா?” அந்தக் கருத்தை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் படித்ததில்லை. அதன் பிறகு அந்த வகுப்பு முழுவதற்கும் அது ‘விரலா, நூலா’ என்றே ஆகிவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்படி நடத்தினால் எல்லா மாணவர்களுக்கும் பயன் என்று பலர் வாதிடுவார்கள். உண்மைதான். கிராமத்திலிருந்து வந்து முதல் தலைமுறையாகக் கல்லூரியில் உட்காரும் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு பெரிய துணை. ஆனால் அந்தப் பயனைக் காட்டித்தான் இதை நியாயப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் உள்ள 60 பேரில் வேறு ஒருவருக்கும் பயனில்லை என்றாலும், அந்த ஒருவருக்காக இதைச் செய்தாக வேண்டும். அவரும் கட்டணம் கட்டி, இடம் பெற்று, நம் வருகைப்பதிவேட்டில் பெயர் உள்ளவர்.

அடுத்து, நாம் அனுப்பும் பாடக்குறிப்புகள். இதைப் பெரிய சிக்கலாக யாரும் பேசுவதில்லை. ஆனால் தினமும் மாணவர்களைத் தடுத்து நிறுத்துவது இதுதான். பார்வையற்ற மாணவர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். என்விடிஏ போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் எழுத்து யூனிகோடில் இருந்தால்தான் படிக்கும். நம் துறைகளில் இன்னமும் பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்த குறிப்புகள்தான் சுற்றிவருகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும், கணினிக்கு உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதை ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று படிக்கும். இலக்கணப் பாடக்குறிப்பு நாற்பது பக்கமும் அப்படியே ஒலித்தால் அந்த மாணவர் என்ன செய்வார்? தோழனைத் தேடிப் போய், “கொஞ்சம் வாசிச்சுக் காட்டு மச்சான்” என்று காத்திருப்பார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்துக் குறிப்பைப் படமெடுத்துப் போடுவதும் இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்து திரைவாசிப்பானுக்கு எழுத்தாகத் தெரியாது.

பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்தால் கூகுள் அதைத் தமிழ் எழுத்தாக்கித் தருகிறது; பிழை திருத்த வேண்டும், அவ்வளவுதான். பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருவதற்கு நம் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆகவே தயங்க வேண்டாம். ஆனால் மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். பருவம் தொடங்கிய பின் நூல்பட்டியல் தந்தால், மாற்றி முடிப்பதற்குள் முதல் வகுப்புத் தேர்வு வந்துவிடும். பட்டியலை விடுமுறையிலேயே கொடுத்துவிடுவது ஆசிரியர் செய்யக்கூடிய மிக எளிய உதவி.

மதுரையைச் சேர்ந்த பார்வையற்ற பூரண சுந்தரி 2019ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் 286ஆவது இடம் பெற்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. பெற்றோர் புத்தகங்களை வாசித்துக் காட்டியும், நண்பர்கள் ஒலிவடிவில் மாற்றித் தந்தும் உதவியதாக அப்போது செய்திகள் வந்தன. அந்தச் செய்திகளைப் படித்துப் பெருமைப்பட்ட நாம், அந்த வாசிப்பு யார் செய்திருக்க வேண்டிய வேலை என்று கேட்டுக்கொள்ளவில்லை. எழுத்தறிவில்லாத பெற்றோருக்குப் பிறந்த பார்வையற்ற பிள்ளைக்கு யார் வாசித்துக் காட்டுவது?

காது கேளாத மாணவர்களைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே அறிந்திருக்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே வகுப்புகள் இருக்கின்றன. மற்ற கல்லூரிகளில் பொது வகுப்பில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்திருப்பார்கள். சைகை மொழி அறிந்தவர் ஒருவரைக் கல்லூரி அமர்த்த வேண்டும். அது நிர்வாகத்தின் கடமை. அதுவரை ஆசிரியர் செய்ய வேண்டியது உண்டு. இந்த மாணவர்களில் சிலர் நம் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கிறார்கள். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘படம்’ என்றோமா ‘மடம்’ என்றோமா என்பதை உதடு காட்டாது. இடம் பார்த்து அவர்களாகவே ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஊகித்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காருவது எத்தனை களைப்பு என்று எண்ணிப் பாருங்கள். அப்போது நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அவருக்கு வகுப்பே நின்றுவிடுகிறது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பி நின்று பேசுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். புதிய கலைச்சொல்லைச் சொல்லும் முன் பலகையில் எழுதிவிடுங்கள்.

அவர்களின் விடைத்தாளைத் திருத்துவதிலும் ஒரு நியாயம் உண்டு. சைகை மொழியின் இலக்கணம் வேறு. அதில் வளர்ந்தவர் தமிழ் எழுதும்போது வேற்றுமை உருபும் கால இடைநிலையும் விட்டுப்போகும். ‘விலை ஏறு மக்கள் வாங்கு குறை’ என்று எழுதியிருப்பார். தேவை விதி அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொருளியல் தாளில் அதற்குரிய மதிப்பெண்ணைக் கொடுத்தாக வேண்டும். இலக்கணம் கெட்டிருக்கிறதே என்று குறைத்தால், நாம் பொருளியலைச் சோதிக்கவில்லை, அவர் காதைச் சோதிக்கிறோம்.

சொல்வதை எழுதுபவர் விஷயத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவர் சொல்கிறார், வேறு துறையில் படிக்கும் முதலாண்டு மாணவர் எழுதுகிறார். தேர்வு தொடங்கும் முன் அவசரமாகப் பிடித்து வந்த ஆள் அவர். ‘அறம்’ ‘அரம்’ ஆகிறது, ‘மனம்’ ‘மணம்’ ஆகிறது, வல்லினம் மிகும் இடமெல்லாம் மிகாமல் போகிறது. திருத்துகிறவர் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டே போகிறார். ஒற்றுப்பிழை யாருடையது? சொன்னவருடையதா, எழுதியவருடையதா? ஐயமுள்ள சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வழக்கத்தை மாணவருக்கு நாம் முன்கூட்டியே பயிற்றுவிக்கலாம். எழுதுபவரும் அவரும் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பழக ஏற்பாடு செய்யலாம். துறையில் விருப்பமுள்ள மாணவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கலாம். கணினியில் தானே தட்டச்சு செய்து தேர்வெழுத விரும்பும் மாணவரை அப்படியே எழுதவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. அப்போது பிழையும் அவருடையது, பெருமையும் அவருடையது.

ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். “பாவம் சார், பாஸ் போட்டு விட்டுருங்க.” சொல்கிறவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் மாற்றுத்திறன் கொண்ட மாணவருக்கு நம் கல்லூரிகள் செய்யும் பெருங்கேடு இந்த இரக்க மதிப்பெண் என்றே நான் கருதுகிறேன். வகுப்பில் அவரிடம் கேள்வி கேட்பதில்லை. கருத்தரங்கில் அவர் முறை வந்தால், “நீ இருப்பா, பரவாயில்லை” என்று தாண்டிவிடுகிறோம். ஒப்படைப்பு கொடுக்காவிட்டாலும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். முதுகலை முடித்து வெளியே போய், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும் நெட் தேர்வும் எழுதும்போதுதான் தன் இடைவெளி எங்கே என்று அவருக்கே தெரியவருகிறது. அங்கே யாரும் பாவம் பார்ப்பதில்லை. படிக்கும் காலத்தில் அவர் தவற்றை அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனார்கள். மாற்று ஏற்பாடு என்பது வழியை மாற்றுவது. இலக்கை இறக்குவது அல்ல. கூடுதல் நேரம் கொடுங்கள், தட்டச்சு செய்யவிடுங்கள், வாய்மொழியாகச் சொல்லவிடுங்கள். அதன் பிறகு விடை தவறென்றால் தவறு என்று போடுங்கள். ஏன் தவறு என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவருக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை அது.

வழி எது, இலக்கு எது என்று பிரித்தறிவதுதான் ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அலுவலகத்தால் அதைச் செய்ய முடியாது. வேதியியல் செய்முறையில் எதைச் சோதிக்கிறோம்? பிப்பெட்டைப் பிடிக்கும் விரலையா, எந்தக் கரைசலை எப்போது சேர்க்க வேண்டும், முடிவுநிலை எதைக் காட்டுகிறது என்ற அறிவையா? இரண்டாவது என்றால், பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லத் துணைவர் ஒருவர் செய்யலாம். சில பாடங்களில் கைத்திறனே இலக்காக இருக்கும். அங்கே விடை வேறாக இருக்கலாம். அதைப் பாடம் பாடமாக, உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டும். யோசிக்காமலே, “உனக்கு அறிவியல் சரிப்படாது, தமிழோ வரலாறோ எடுத்துக்கோ” என்று திருப்பிவிடுவதுதான் இங்கே வழக்கம். தமிழும் வரலாறும் பெரிய துறைகள். விரும்பி வருகிறவர்கள் வரட்டும். வேறு கதவு மூடியிருப்பதால் வருவது வேறு. ஆந்திரத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஸ்ரீகாந்த் பொல்லா பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவில் சேர நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அவர் பிற்பாடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்து, திரும்பி வந்து தொழில் நிறுவனம் தொடங்கினார்.

உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில்தான் சென்றுகொண்டிருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார்; 40 விழுக்காடு குறைபாடு என்ற வரையறைக்குள் அவர் வரவில்லை என்பது காரணம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு; எழுத முடியாதவருக்கு எழுத உதவி தருவதற்கு அந்த அளவைக் கேட்கக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு வழக்கு. நீட் தேர்வெழுதிய மாணவி ஒருவருக்கு எழுத்தாற்றல் குறைபாடு. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற உரிமை உள்ளவர். தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவர் தாளையும் வாங்கிவிட்டார்கள். தேர்வு மையத்தில் இருப்பவர்களுக்கு உரிய பயிற்சி தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், பேச்சுக் குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் வைத்து மருத்துவப் படிப்புக்கு ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீட் மையத்தில் தாளை வாங்கிய கண்காணிப்பாளரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கண்காணிப்புக்குப் போகும்போது நாமும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறோம். ஈடுசெய் நேரம் ஓடும்போது மின்விசிறியை அணைப்பதும், “சீக்கிரம்மா, கட்டுக் கட்டணும்” என்பதும் பல தேர்வுக்கூடங்களில் நடக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் அந்த மாணவியின் நேரம்.

வெளியே தெரியாத குறைபாடுகள் இன்னும் கடினமானவை. 21 வகைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு. மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும் மாணவரும், முழங்கால் மூட்டில் ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் நடக்க முடியாத மாணவரும் 75 விழுக்காடு வருகைப்பதிவில் சிக்கிக்கொள்கிறார்கள். கற்றல் குறைபாடு, மனநோய், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைச் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவர் என்றும் சொல்லக் கேட்டுக் கேட்டுக் கல்லூரி வரை வந்தவர்கள். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ள ஒரு மாணவர் புத்தகத்தில் பொடி எழுத்தைப் படிப்பார். மாலையில் வராந்தாவில் இருக்கும் பெஞ்சில் மோதி விழுவார். அவர் பார்வை நடுவில் மட்டும் தெளிவு, ஓரங்கள் இருட்டு. “போன்ல மட்டும் நல்லாப் பாக்குறான், கேட்டா கண்ணு தெரியலேங்குறான்” என்று பேசுவது, நோயின் தன்மை தெரியாத பேச்சு. சான்றிதழைச் சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலை. நம் வேலை சந்தேகப்படுவது அல்ல.

இவர்கள் தாமாக வந்து சொல்வதற்கு நாம்தான் வாசல் திறந்து வைக்க வேண்டும். பருவத்தின் முதல் வகுப்பில் பாடத்திட்டம் சொல்லும்போதே, “பாடம் கேட்பதிலோ குறிப்பெடுப்பதிலோ தேர்வெழுதுவதிலோ யாருக்காவது மாற்று ஏற்பாடு தேவைப்பட்டால் துறை அறையில் என்னை வந்து பாருங்கள்” என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லலாம். ஒருவரை எழுப்பி நிற்கவைத்து, “இவருக்குக் கண் தெரியாது, எல்லோரும் உதவி செய்யுங்கள்” என்று அறிவிப்பதைவிட அது பல மடங்கு நல்லது. வந்தவரிடம் நோயின் வரலாற்றைக் கேட்க வேண்டாம். உங்களுக்கு எது உதவியாக இருக்கும், பள்ளியில் எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். தன் தேவையை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

இவ்வளவையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில், நிரந்தரமில்லாத வேலையில், நாள் முழுவதும் வகுப்பெடுக்கும் ஒருவரிடம் போய், ராத்திரி உட்கார்ந்து புத்தகத்தை யூனிகோடில் மாற்று என்று சொல்வது அநியாயம். சம வாய்ப்பு மையம் பல கல்லூரிகளில் பலகையளவில் இருக்கிறது. அதற்கு ஓர் அறையும், ஒரு கணினியும், நூல்களை மாற்றித் தர ஓர் ஊழியரும் வேண்டும். சென்னை லயோலா கல்லூரியில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஆதார மையம் இயங்குகிறது. மற்ற கல்லூரிகளும் போய்ப் பார்த்து வரலாம். சாய்தளம் கட்டும்போது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறதென்று ஒரே வாரத்தில் போட்ட செங்குத்தான சிமெண்டுச் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது. ஆனால் மின்தூக்கி வரும் வரை காத்திருக்காமல், அந்த மாணவரின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றும் அதிகாரம் கால அட்டவணை போடும் பேராசிரியரிடம் இன்றே இருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

நம் கல்லூரிகளில் பார்வையற்ற உதவிப் பேராசிரியர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். மாணவராக இருந்தபோது எந்த ஆசிரியர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். புத்தாக்கப் பயிற்சிகளில் இந்தப் பொருளைப் பற்றி வகுப்பெடுக்க வேறு யாரையோ தேடுகிறோம். அவர்களை அழையுங்கள்.

இந்தக் கல்லூரியிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் பருவத்தின் முதல் துறைக் கூட்டத்தில், அகமதிப்பீட்டுத் தேர்வுகளில் ஈடுசெய் நேரம் எப்படித் தரப்போகிறோம், பாடக்குறிப்புகள் எந்த எழுத்துருவில் போகும் என்பதை முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள். அந்தத் துறையில் படிக்கும் மாற்றுத்திறன் மாணவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் சொல்வதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியுங்கள். முதல் தேர்வுக்கு முன் செய்ய முடிந்ததைச் செய்துவிடுங்கள். செய்ய முடியாதது எது, ஏன் என்பதை அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.